தெருமுனைப் பள்ளிக்கு வந்த இருமல்

ஏப்ரல் 4
மகள் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். இனி உயர்நிலைப் பள்ளி. சுற்றுவட்டாரத்தில் அரசுப் பள்ளிகள் மூன்று. இன்று அவளோடு மூன்றையும் பார்த்து வந்தேன். முட்டி இரண்டும் தனித்தனியாகப் புலம்புகின்றன. சந்தைப் பள்ளி: தேர்ச்சி பிரமாதம். தலைமையாசிரியர் முறைத்ததில், நான்தான் வீட்டுப்பாடம் எழுதவில்லையோ என்று கையைக் கட்டிக்கொண்டேன். பாலத்துப் பள்ளி: பெரிய மைதானம், கழிப்பறைக்குத்தான் கதவில்லை. தெருமுனைப் பள்ளி: சின்னது. ஆனால் கணக்கு டீச்சர் மகளை உட்காரவைத்துப் பேசினார். வீடு வரும்வரை பிள்ளை வாய் மூடவில்லை.

ஏப்ரல் 5
“தெருமுனை ஸ்கூல்லயே சேர்றேன்ப்பா. நடந்தே போயிடுவேன்.” எதையும் வாய்விட்டுக் கேட்காத பிள்ளை. இரவுப் பணி முடித்து வந்த நர்ஸம்மா, அதாவது என் மனைவி, “அதான் முடிவு பண்ணியாச்சில்ல, என்னைத் தூங்க விடுங்க” என்றாள்.

ஏப்ரல் 9
அங்கே ஒன்பதாம் வகுப்பு ஒரே பிரிவுதானாம். ஆள் கூடினால் குலுக்கல். குலுக்கலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் வாளிகூட விழுந்ததில்லை.

ஏப்ரல் 11
எதிர்வீட்டு அக்கா என் மருந்துக் கடைக்கு வந்தார். அவர் மகனுக்கும் ஒன்பதாம் வகுப்பு.
“தெருமுனை ஸ்கூல் எப்படிப்பா?”
“நல்ல ஸ்கூல்தான்க்கா... சுவரெல்லாம் ஓதம். இருமல் மருந்து வாங்க அங்கேருந்துதான் நிறைய வர்றாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”
சுத்தப் பொய். மருந்துக் கடைக்காரன் பேச்சுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு, அதை விற்றுவிட்டேன். ஒருத்தர் குறைந்தால் போதும் என்றுதானே?

ஏப்ரல் 17
முடிவெட்டப் போனேன். “அந்த ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு காசநோயாமே! உங்களுக்குத் தெரியாததா சார்?” கத்தி கழுத்தில் இருந்தது. ‘ம்’ கொட்டினேன்.

ஏப்ரல் 26
தெருமுனைப் பள்ளியில் விண்ணப்பம் கொடுத்தேன். எழுத்தர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். “என்னன்னே தெரியல சார், ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க. இப்படியே போனா ஒன்பதாவதே கிடையாது.”
அடப்பாவி. என்னைத்தான்.

ஏப்ரல் 28
தெருத் தெருவாக உண்மை பேசி அலைந்தேன். ஓதமும் இல்லை, ஒன்றும் இல்லை என்றேன். எதிர்வீட்டு அக்கா குரலைத் தாழ்த்தினார்: “யாராச்சும் மிரட்டினாங்களாப்பா?” பொய்யை ஒரே மூச்சில் நம்பினார்கள். உண்மைக்குத்தான் சாட்சி கேட்கிறார்கள். கால் வலிக்கிறது. படுக்கிறேன்.

மே 12
பள்ளி வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு இல்லை. விண்ணப்பித்தவர்கள் சந்தைப் பள்ளிக்கு. கணக்கு டீச்சருக்கு மாறுதல். மகள் படித்தாள். எதிர்வீட்டுப் பையனிடம் போய் ஏதோ விசாரித்தாள். என்னிடமே கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

ஜூன் 6
முதல் நாள். பேருந்துக்காக நின்றோம். புதுச் சீருடை அவளுக்குத் தொளதொள. பேருந்து வந்ததும் திரும்பி, மெதுவாகச் சொன்னாள்:
“கடைல யாராவது சந்தை ஸ்கூல் எப்படின்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடுங்கப்பா.”
“சரிம்மா” என்றேன்.
இன்று கடையில் மருந்தைத் தவிர வேறெதையும் பேசவில்லை.