எடை குறையும் வரை

மார்ச் 4
மழை. காபி இயந்திரம் பழுது. விமானங்களுக்குப் பாதை, உயரம், எரிபொருள் கணக்கிடும் இந்த அறையில் எனக்கு இன்னும் தகுதிகாண் காலம்தான். மாத முடிவில் பிரிவுத் தலைவர் சரி என்றால் வேலை. இல்லையென்றால் அப்பா வீட்டில் என் பழைய கட்டில்.

மார்ச் 9
அவமானம். நீண்ட பயணம், முழுச் சரக்கு. கணினி முப்பத்தோராயிரம் அடி என்றது. நான் முப்பத்தேழாயிரம் என்று மாற்றினேன். உயரே காற்று மெலிந்திருக்கும், தடை குறையும், எரிபொருள் மிச்சமாகும் — தேர்வில் முழு மதிப்பெண் வாங்கித் தந்த பதில். கேப்டன் போனில் கூப்பிட்டார், ஸ்பீக்கரில் அறைக்கே கேட்டது.
"ஏம்மா, வண்டி நிறைமாசமா இருக்கு. இப்பவே மொட்டைமாடிக்கு ஏத்துறீங்களே?"
பக்கத்து மேசை அக்கா நிஜமாகவே நிறைமாதம். "என்னையா சொல்றாரு?" என்றாள். அறையே சிரித்தது. நானும். பிறகு கழிவறையில் அழுதேன்.

மார்ச் 10
இனி நான் போடும் திட்டம் ஒவ்வொன்றையும் தலைவர் பார்த்த பிறகே அனுப்ப வேண்டுமாம். மெலிந்த காற்றில் கனத்த விமானம் தன்னைத் தாங்கிக்கொள்ள மூக்கைத் தூக்க வேண்டும். தூக்கினால் தடை கூடும். மிச்சம் பிடிக்கப் போய் அதிகம் எரியும். ஆகவே கீழே தொடங்கி, எரிபொருள் எரிந்து எடை குறையக் குறைய, கொஞ்சம் கொஞ்சமாக மேலே.
தெரிந்ததுதானே இது? அப்புறம் என்ன அவசரம்? யாருக்குக் காட்ட?

மார்ச் 17
அக்கா விடுப்பில் போனாள். "தலைவர் முறைச்சா நீயும் முறைடி. கணக்கு சரியா இருந்தா போதும்."

மார்ச் 22
அதே நீண்ட பயணம். முப்பத்தோராயிரத்தில் தொடக்கம், பாதி வழியில் மேலே. ஆனால் அந்த நேரத்தில் மேலே மற்ற விமானங்களின் நெரிசல். இடம் கிடைக்காவிட்டால் கடைசிவரை கீழேயே, அடர்ந்த காற்றில். அதற்கும் சேர்த்து எரிபொருள் போட்டேன்.
தலைவர் பார்த்தார். "கூடுதலா போட்டதைச் சுமக்கவே எரிபொருள் எரியும். தெரியுமில்ல?"
"தெரியும் சார். மேல இடம் கிடைக்கலைன்னா?"
"கிடைக்கும்."
"கிடைக்கலைன்னா, சார்?"
முறைத்தார். எனக்கு முறைக்க வரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றவில்லை.

மார்ச் 23
மேலே இடம் கிடைக்கவில்லை. கடைசிவரை கீழேயே பறந்து, வழியில் எங்கும் எரிபொருளுக்காக இறங்காமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

மார்ச் 26
இன்றைய திட்டத்தை வழக்கம்போல் தலைவரிடம் கொண்டுபோனேன், அவர் பார்த்துச் சரி சொன்ன பிறகு அனுப்பலாம் என்று. நிமிரவில்லை.
"இதை எதுக்கு எங்கிட்ட கொண்டு வர்றே?"
நின்றேன்.
"கேப்டனுக்கு அனுப்பும்மா. காத்துக்கிட்டிருப்பார்."