பலீலா மாமிக்குத் தைத்த பிளவுஸ்

பதுளை,
செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகள் றின்ஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் கட்டாரில் அல்லாஹ்வின் காவலில் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே நானும் வாப்பாவும் நலம், வாப்பாவின் இருமல் மட்டும் இந்தப் பனி முடியும்வரை போகாது போலிருக்கிறது. போன் இருக்க உம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் வாப்பா நடுவில் புகுந்து தன் கூடப்பிறந்த ராத்தாவுக்காகப் பேசுவார், எனக்குக் கதை விட்டுப்போகும். இது உன் பலீலா மாமியின் கதை. கட்டாரிலிருந்து லீவில் வந்த பக்கத்து வீட்டு நௌபர் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், வாசித்துவிட்டுக் கிழித்துப் போடு.

நம் சொந்தத்தில் ஸப்ரானின் கல்யாணத்துக்கு நீ வரவில்லை, அதனால் உனக்கு இது தெரியாது. பெண்கள் பக்கம் சஹன் வைத்தார்கள், ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் தின்கிற சஹன். நான் ஐந்தாவது ஆளாகப் போய்க் குந்தினேன், உடனே உன் மாமி அந்த மண்டபமே கேட்கிற குரலில், மர்லியா குந்தினா இந்தச் சஹனுக்கு வேற ஆள் வாணாம், அவவே ரெண்டு பேர், என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்றுவரைக்கும் எனக்கு எரிகிறது. கையில் எடுத்த சோற்றை வைக்கவும் முடியாமல் தின்னவும் முடியாமல் இருந்தேன். அன்றைக்கே நிய்யத் வைத்தேன் மகள், இந்தப் பொம்பிளையின் கண் முன்னால் மெலிந்து காட்டாவிட்டால் நான் மர்லியா இல்லை என்று.

மெலிந்தேன். எண்பத்திரண்டு கிலோ இருந்தவள் ஒன்பது மாதத்தில் அறுபத்தேழுக்கு வந்தேன். சுபஹு தொழுதுவிட்டுத் துன்ஹிந்தை வீதியில் நடப்பேன், இராச் சோற்றை நிறுத்திக் குரக்கன் ரொட்டியும் வல்லாரைச் சம்பலும் மட்டும், பெருநாளுக்கு இனிப்பாக வந்த வட்டலப்பத்தை மூடியே திறக்காமல் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தேன். பசி வந்தால் மாமியின் சிரிப்பை நினைப்பேன், பசி ஓடிவிடும். ஊரே கேட்டது என்ன செய்தீர்கள் என்று. உன் மாமி மட்டும் என் முகத்தைப் பார்த்து, ஐயோ மர்லியா, சீனி வருத்தம் ஏதும் வந்தீக்கா, முகமெல்லாம் வத்திப் போய் ஈக்கே, என்றார். பாரேன், என் ஒன்பது மாதத்தை ஒரே வாய்ச்சொல்லில் நோயாக்கிவிட்டார்.

கிளினிக்கில் விஜிதா டொக்டர் அப்போதே சொன்னாள், இறக்கினது பாதி வேலைதான் அம்மா, உங்கட உடம்பு பழைய நிறையைத் தேடிக்கொண்டுதான் இருக்கும், இனித்தான் கவனம் வேணும் என்று. நான் காதில் போடவில்லை. காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டேன், இனி என்ன என்று இருந்தேன். முதலில் நோன்புக் கஞ்சியோடு இரண்டு சமோசா, பிறகு மழை என்று நடையை விட்டேன், பிறகு இராச் சோறு. மற்றப் பெண்களுக்கு உடுப்பு இறுகும், இறுகினால் தெரியும். நான் தையல்காரி அல்லவா, இறுகின அன்றைக்கே உள்தையலைப் பிரித்து, உள்ளே மடித்த துணியில் அரை விரல் விட்டுவிடுவேன், யோசிக்கக்கூட மாட்டேன், கை தானாகச் செய்யும். அப்படி அரை அரை விரலாகப் பதினொரு கிலோ திரும்பி வந்தது எனக்கே தெரியாது. நீ அனுப்பிய அபாயா அளவாக இருக்கிறது என்று சொன்னேனே, பொய் மகள். அதையும் இரண்டு தரம் பிரித்துவிட்டேன்.

இப்போது மாமியின் மகள் ஆதிலாவுக்குக் கல்யாணம், வாற மாதம். மாமி தன் பிளவுஸ் துணியைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சொன்னன்தானே இது நிக்காதெண்டு, எனக்கெண்டா கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து அதே முப்பத்தாறு, அளவெடுக்கவும் தேவையில்ல, என்றார். உனக்கு ஒரு உண்மை சொல்லவா? மாமி கடைசியாக முப்பத்தாறாக இருந்து பதினொரு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் நான் சத்தமில்லாமல் கூட்டித் தைப்பேன், அளவுக் கொப்பியில் பென்சிலால் குறித்துக்கொள்வேன், மனம் நோகக்கூடாதே என்று வாய் திறக்கவில்லை. இப்போது அவர் அளவு நாற்பத்து மூன்று. இந்தத் தடவை அவர் சொன்னபடியே தைத்தேன். நூல் பிசகாமல் முப்பத்தாறு. தைத்து முடித்து உள்ளே விட்ட துணியையும் ஒட்ட வெட்டி எறிந்தேன், பிரித்துவிட ஒரு நூல்கூட இருக்கக்கூடாது என்று.

லுணுகலையிலிருந்து என் வாடிக்கைப் பெண்கள் வருகிற நேரமாகப் பார்த்துத்தான் மாமியைப் போட்டுப்பார்க்க வரச் சொன்னேன். திரைக்குப் பின்னால் சட்டைக் கை அவர் முழங்கையைத் தாண்டவில்லை. இது யாருட சட்டை மர்லியா என்றார். ஒங்கடதான் மதினி, ஒங்கட முப்பத்தாறு என்றேன். பிரிச்சு விடுங்க என்றார். உள்ளுக்குத் துணி இல்லையே என்றேன். பிறகு கொப்பியை எடுத்து, வருஷம் வருஷமாக, எல்லாருக்கும் கேட்க வாசித்தேன். அந்தப் பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

சண்டைக்கு வருவார் என்று இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. வெளியே வந்து கதிரையில் இருந்தார். போன வருஷம் கிளினிக்கில் நிறையும் சீனியும் ஏறியிருக்கிறது என்றார்களாம். உங்கட தராசு பழுது, என்னுடைய சட்டை அதே அளவுதான் என்று சண்டை பிடித்துவிட்டு வந்தவர் அந்தப் பக்கமே போகவில்லையாம். சாரியைத் தூக்கிக் குதிக்காலைக் காட்டினார், இரண்டு மாதமாக ஆறாத புண். பதினோரு வருஷமா ஏன் எனக்குச் சொல்லல்ல மர்லியா, என்று மட்டும் கேட்டார். நான் கொப்பியை மூடி வைத்தேன்.

அவர் போனபின் சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன். பகல் லுஹர் தொழுது முடியும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. அதன் பிறகு அந்தக் குதிக்கால்தான் கண்ணில் நின்றது. நேற்று நானே அவரைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன், புண்ணைக் கழுவி மருந்து தொடங்கியிருக்கிறார்கள். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. சீனி இறங்கினதைக் கிளினிக் கொப்பியில் காட்டினால்தான் புதுத் துணியில் கத்திரி வைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் லேசுப்பட்டவரா, அப்ப நீங்களும் தராசில ஏறுங்க என்றார். ஏறினேன். எழுபத்தெட்டு. வீட்டுக்கு வந்து என் உடுப்பு எல்லாவற்றிலும், உன் அபாயாவிலும், உள்ளே விட்ட துணியை இனிப் பிரித்துவிட முடியாதபடி ஒட்ட வெட்டிவிட்டேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, ஆனால் கடைச் சாப்பாட்டைக் குறை. மருமகனுக்கு சலாம் சொல். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும். பெரிய அளவில் வேறு அபாயா அனுப்பிவிடாதே. வெள்ளிக்கிழமை பேசும்போது முதலில் என் அளவைக் கேள். நான் சொல்வதை நம்பாதே, பலீலா மாமியிடம் கேள். வாராவாரம் என்னை அளந்து எழுதும்படி என் டேப்பையும் கொப்பியையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். இந்தக் குடும்பத்தில் எனக்கு அரை விரல்கூட இரக்கம் காட்டாத ஆள் அவர்தான்.

உனக்காகத் துஆக் கேட்கும் உம்மா,
மர்லியா இத்ரூஸ்