நடக்காத குழந்தைக்குக் கொழுக்கட்டை

ஐப்பசி 14, செவ்வாய்.

கோபம் இன்னும் ஆறவில்லை. என் குழந்தை சந்துருவுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது; இன்னும் நிற்கக்கூட இல்லை. வீட்டில் எவ்வளவோ மன்றாடி இன்று லேடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். துணைக்கு நாத்தனாரும் வந்தாள்.

"எப்போ உட்கார்ந்தான்? எப்போ நடந்தான்?" என்று டாக்டர் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார், "எல்லாம் அந்தந்த வேளையிலதான். ஒரு வயசுலயே நடந்துட்டான். போன மாசம் ஜுரம் வந்ததுலேர்ந்துதான் காலை ஊன மாட்டேங்கறான்" என்றாள். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, ஜுரத்தால் வந்த பலவீனம் என்று டானிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

திரும்பும்போது ஜட்கா வண்டியில், "அக்கா, ஏன் பொய் சொன்னேள்?" என்றேன்.

"பின்னே? நடந்துட்டான்னு தெரு முழுக்கக் கொழுக்கட்டை கொடுத்தாச்சு. டாக்டராத்து சமையல்காரியும் வாங்கித் தின்னிருக்கா. இப்போ மாத்திச் சொன்னா மானம் போகாதா?"

குழந்தை முதல் அடி வைத்தால் கொழுக்கட்டை கொடுப்பது எங்கள் வழக்கம். இன்னும் நடக்கலையா என்று எல்லாரும் கேட்கிறார்களே என்று, அவன் நடக்காமலேயே இவள் செய்து வைத்தாள்.

நாளைக்கு நான் தனியாகப் போவேன். உட்கார்ந்தது பதினைந்தாம் மாதம், தவழ்ந்தது பத்தொன்பதில், நடக்கவே இல்லை என்று சொல்வேன். கொழுக்கட்டையைப் பற்றிக் கேட்டால்? அதைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய், "எங்காத்துக் குழந்தை நடந்துட்டான்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தவள் நான்தானே.