கையில் ஒரு கொப்புளம்

அம்மாவுக்கு முனீஸ்வரி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா?

மூளைக்கு வலி எப்படித் தெரிகிறது என்று பார்க்க, இங்கே ஆய்வுக்கூடத்தில் எலியைச் சூடான தட்டில் விடுவோம். பாதத்தை நக்கியதும் எடுத்துவிடுவோம். நேற்று அந்தத் தட்டில் நானே கையை ஊன்றி நின்றிருக்கிறேன். கூட வேலை பார்ப்பவள் இழுத்த பிறகுதான் தெரிந்தது. சின்னக் கொப்புளம்தான், பயப்படாதே.

அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்ததை இந்தத் தேசத்தில் இருந்துகொண்டு போனில்தான் பார்த்தேன். "அழுதியா தாயி?" என்று கேட்டாய். இன்னும் இல்லை அம்மா.

சித்தி மகள் தங்கமாரி அடுத்த மாதம் இங்கே படிக்க வருகிறாள். அப்பா காட்டுக்குப் போட்டுப்போகும் டயர் செருப்பை அவளிடம் கொடுத்துவிடு. வீட்டுக்குள் போட்டுக்கொள்வேன்.

எலிகளுக்கு மருந்து கொடுக்க நேரமாகிவிட்டது. செருப்பைக் கழுவினாலும் கழுவு, அடியில் ஏறியிருக்கும் கருவேல முள்ளை மட்டும் பிடுங்கிவிடாதே.

உன் மகள்
முனீஸ்வரி