நீலக் காய்க் கசாயம்

ஒக்டோபர் 5, 2024
எனக்கு எழுத்துத் தெரியாது. போனுக்குச் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. துறைமுகக் களஞ்சியத்தில் பத்தொன்பது வருடம் என்னோடு பெட்டி ஏற்றிய இந்த ஊர்க்காரன் ரெஜான் வந்தான். மலையில் முழங்காலளவு வளரும் முள்ளுப் பற்றையில் பிடுங்கிய நீலக் காய் ஒரு பை தந்தான். ஜூனிப்பராம். அவனுடைய தகப்பன் மான் இறைச்சிக்குப் போடுவாராம். வீட்டில் நோய் வந்தால் கொப்பை எரித்துப் புகை காட்டுவாராம். சலம் போகும்போது கடுத்தால் காயை அவித்துக் குடிப்பாராம். எனக்கும் சலக்கடுப்புத்தானே.

ஒக்டோபர் 7
அவித்து அடுப்பில் வைத்திருந்தேன். மருமகள் ஜென்சி தடிமனோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலையால் வந்தாள். குளிர் தொடங்கினால் எங்கள் வீட்டு அடுப்பில் இருப்பது மல்லித்தண்ணிதான். கேளாமலே ஊற்றிக் குடித்தாள். “இண்டைக்கு மல்லி கசக்குது மாமா” என்று அரைக் கிளாசோடு நிறுத்திவிட்டுப் போனாள். மருந்துதானே, தடிமனுக்கும் கேட்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒக்டோபர் 9
ரெஜானுக்கு இதைப் பெருமையாகச் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி அதை வாயில் வைக்கவே கூடாதாம், கரு கலைந்துவிடும் என்று அவன் தாய் சொல்வாளாம்.

ஒக்டோபர் 10
ஜென்சிக்கு ஐந்தாம் மாதம்.

ஒக்டோபர் 11
முதல் இரண்டும் தங்கவில்லை. 2019 மார்கழி, ஒரு வியாழன். 2022 ஆனி, சனிக்கிழமை. அவள் என்ன உடுப்புப் போட்டிருந்தாள் என்றுகூடச் சொல்வேன். இப்போது சொன்னால், அந்தப் பயத்திலேயே ஏதும் ஆகிவிட்டால்? சொல்லாமல் விட்டு ஏதும் ஆகிவிட்டால்? காலமை சிரிச்சவள்தானே — அப்ப ஒண்டுமில்லையோ? எனக்கு ஒண்டும் விளங்கேல்ல.

ஒக்டோபர் 13
ஞாயிறு பூசை முடிந்து காரில் வரும்போது சொல்லிவிட்டேன். மகன் ஜோன்சன் காரை ஓரங்கட்டினான். ஜென்சிதான் கேட்டாள்.
“அண்டைக்கே ஏன் சொல்லேல்ல மாமா?”
தெரியாது. இப்பவும் தெரியாது.

ஒக்டோபர் 15
மூவருமாக டொக்டரிடம் போனோம். அரைக் கிளாசால் ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லையாம். என்னுடைய சிறுநீரகத்துக்கும் அது கூடாதாம். நான் வெளியில்தான் இருந்தேன். ஜென்சி ஆள் விட்டு உள்ளே கூப்பிட்டாள். மெஷினில் பிள்ளையின் இதயம் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். கோபமோ, வேறென்னவோ — விளங்கவில்லை. ஜோன்சன் கதிரையை விட்டு எழும்பிச் சுவரோடு போய் நின்றான்.

நான் அந்தக் கதிரையில் இருந்தேன்.