சிவப்பும் வெள்ளையும் பூசின கல்

பாப்பாமோட்டை,
02.06.2013.

அன்பு மகள் கீர்த்திகாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகன் சுபாஸ்கரனும் அங்கே சுவிசில் அப்படியே இருக்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் என்றால் நான் கத்துவேன், நீ ஓமப்பா ஓமப்பா என்பாய், போனமுறை அப்படித்தானே முடிந்தது. எழுதினால் கத்தமுடியாது. அம்மா பக்கத்தில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டு, பிள்ளையிட்ட வடிவா மன்னிப்புக் கேளுங்கோ என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். தகப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்கிறதா, அது என்ன புதுப்பழக்கம் என்று அவளை அடக்கிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

நான் அன்றைக்கு ஏன் அப்படிக் கத்தினேன் என்று உனக்கு இன்றுவரை தெரியாது, அதைச் சொல்கிறேன் கேள். மார்ச் மாதம் பனி கரையத் தொடங்கியதிலிருந்து வேலையிடத்துப் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் மலை நடக்கப் போவதாக எழுதியிருந்தாய். முதலில் இரண்டு மணித்தியாலம், சித்திரையில் நாலு மணித்தியாலம், முதுகுப்பையில் பாரத்துக்காகத் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு ஏறுகிறீர்கள், இப்போதே காலையும் மூச்சையும் பழக்கினால்தான் ஆவணியில் மூன்று நாள் பெரிய மலை ஏறலாம் என்று எல்லாம் விபரமாக எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஊரில் குளக்கட்டை விட்டால் உயரம் என்று ஒன்று கிடையாது, அதிலும் மாட்டைத் தேடித்தான் ஏறுவோம், இதென்ன வேலையில்லாத சனம் தண்ணீர்ப் போத்தலைச் சுமந்துகொண்டு என்று அம்மாவுக்குப் பகிடி சொல்லிக்கொண்டே உறையைக் குலுக்கினேன், படம் விழுந்தது. நீ ஒரு கல்லில் குந்தியிருந்து பாண் தின்கிறாய். பின்னால் பனி. அந்தக் கல்லில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ற் அடித்திருந்தது.

பிள்ளை, என் பகிடி அதோடு நின்றுவிட்டது. மீளக்குடியேறி வந்த நாளிலிருந்து கல்லிலும் கட்டையிலும் பூசின இந்த இரண்டு நிறத்தையும் பார்த்துத்தானே நாங்கள் நடமாடினோம். வெள்ளைப் பக்கம் மிதிவெடி எடுத்து முடிந்த நிலம், சிவப்புப் பக்கம் கால் வைக்கக்கூடாத நிலம். அந்தச் சிவப்பைத் தாண்டி விறகுக்குப் போன ஏரம்பு அண்ணனைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினவர்களில் நானும் ஒருவன், ஒரு காலோடுதான் மனுசன் மிஞ்சினார். நீ அந்தக் கல்லிலேயே குந்தியிருந்து சிரிக்கிறாய். எழும்பாதே, அசையாதே என்று படத்தைப் பார்த்தே நான் சத்தம் போட்டேனாம். படமெடுத்து, கழுவி, முத்திரை ஒட்டி அனுப்பினவள் உயிரோடதானே இருக்கிறாள், ஏன் மனுசன் துள்ளுறியள் என்று அம்மா கேட்டாள். அதெல்லாம் என் மண்டைக்குள் ஏறவில்லை. உடனே உனக்குப் போன் அடித்தேன். கல்லைப் பற்றி ஒரு சொல் சொன்னேனா? இல்லை, அந்தப் பேச்சே வாயில் வரவில்லை. மலைப்பக்கம் இனித் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று அம்மாமேல் சத்தியம் பண்ணு என்றுதான் நின்றேன். எதற்கும் ஏட்டிக்குப் போட்டி கதைக்கிறவள் நீ, அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் சத்தியம் பண்ணிவிட்டாய். நானும் வென்றுவிட்டேன் என்று இருந்தேன்.

போன கிழமை மருமகன் அம்மாவுக்குப் போன் எடுத்தார். நீ சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருக்கிறாயாம். நடக்கத் தொடங்கின பிறகுதான், மாமி, இவ கனவில கத்திக் குழறாமல் விடியுமட்டும் நித்திரை கொண்டவ, இப்ப மூண்டு கிழமையா திரும்பவும் எழும்பி இருக்கிறா என்று சொன்னாராம். சண்டை முடிந்து அடைபட்டிருந்த முகாமில் உன் பக்கத்தில் படுத்தவன் நான், நீ எப்படிக் குழறுவாய் என்று எனக்குத் தெரியாதா? அங்கே போயும் அது உன்னை விடவில்லை என்று நீ ஒருநாளும் எங்களுக்குச் சொன்னதில்லை. மலையேறி உன்பாட்டில் சம்பாதித்த நித்திரையை நான் அல்லவா பறித்துவிட்டேன்.

அன்றைக்கே படத்தை எடுத்துக்கொண்டு தனுசியாவிடம் போனேன். உன்னோடு படித்த தனுசியாதான், இப்போது மிதிவெடி எடுக்கிற வேலை செய்கிறாள். அவள் படத்தை வாங்கிக்கொண்டு போய்த் தன் வேலையிடத்துப் பெரியவரிடம் காட்டினாள், அவர் ஒரு வெள்ளைக்காரர், அந்த மலைகளில் நடந்தவராம். மறுநாள் சிரித்துக்கொண்டு வந்தாள். மாமா, அது வழிகாட்டுற அடையாளம், வெள்ளை, நடுவில சிவப்பு, திரும்பவும் வெள்ளை, அதைப் பாத்துப் பாத்துத்தான் அங்க எல்லாரும் ஏறுறவை, அது தெரியாட்டித்தான் பயப்படவேணும் என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் அதோடு விட்டாளா? நாங்கள் மிதிவெடி எடுத்துத் துப்பரவாக்கித் தந்து மூண்டு மாசம், உங்கட கீழ் வயலுக்கு நீங்கள் இன்னும் இறங்கேல்ல, அதுக்குள்ள அவளுக்குப் பாதை சொல்ல வந்திட்டியள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வரம்பு சரியில்லை, சோளகக் காற்று அடிக்கிறது என்று நான் சாட்டுச் சொல்லித் திரிந்தது ஊருக்கே தெரிந்திருக்கிறது.

நேற்றுக் காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் பத்து அடியும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். பிறகு கையை விட்டேன். நாயுருவிப் பற்றைக்குள்ளால் கிழக்கு மூலைவரை போய்த் திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

இனிப் புத்தி சொல்கிறேன், கேள். மூன்று கிழமை நின்றுவிட்டாய், எடுத்த எடுப்பில் நாலு மணித்தியால மேட்டுக்குப் போகாதே. மாரி முழுக்கக் கட்டையில் நின்ற மாட்டை முதல் நாளே பாரவண்டியில் பூட்டுவோமா? சின்ன மேட்டிலிருந்து திரும்பத் தொடங்கு, ஆவணிக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது, அது காணும். இறங்கும்போதுதான் முழங்கால் கெடும், ஓடி இறங்காதே. பாணை மட்டும் தின்று மலை ஏறமுடியாது, அம்மா எள்ளுருண்டை பிடித்துப் பார்சல் கட்டுகிறாள்.

சண்டைக்குத் தப்பி வன்னியில் ஓடின நேரம், அப்பாவின் காலடியிலேயே கால் வைத்து வா, அங்கால் இங்கால் மிதிக்காதே என்று உனக்குச் சொன்னேன். நீயும் அப்படியே வந்தாய், தப்பினோம். இவ்வளவு காலம் போயும் நான் அதே சொல்லைத்தான் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இனி அது வேண்டாம். நீ போகிற வழி எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். அந்தச் சத்தியத்தை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன், அம்மாவும் ஓம் என்கிறாள். கத்தினதுக்கு என்னை மன்னித்துக்கொள். அம்மாவுக்காக எழுதவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கும் மருமகனுக்கும் எப்போதும் உண்டு. பெரிய மலைக்குப் போகிற திகதியை முன்கூட்டியே அறிவி, மறக்கவேண்டாம். அந்த மூன்று நாளும் அம்மா விரதம் இருப்பாளாம். நான் இருக்கமாட்டேன், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுப்பேன். நீயும் நன்றாக நித்திரை கொள், மகள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ச. பரமநாதன்