முதலில் உனக்குக் காட்டிய முகம்

இன்று நம் பழைய நோயாளி ஒருத்தி கொண்டுவந்த கல்யாண ஆல்பத்தை மேசைமேல் திறந்தேன். பட்டுப் புடவைகளோடு பீரோவில் கிடந்ததால் அந்துருண்டை வாசனை அடித்தது. உடனே உன் ஞாபகம், கூடவே பழைய எரிச்சல். செத்துப்போனவள் மேல் பொறாமையா என்று கேட்காதே. ஆமாம், பொறாமைதான்.

நம் கிளினிக்குக்குக் கன்னம் வீங்கி யார் வந்தாலும் நான் ஸ்கேன் எழுதுவேன். நீயோ, "பழைய போட்டோ இருந்தா எடுத்துகினு வாங்க" என்பாய். முள்ளிப்பட்டிலிருந்து தறி நெய்யும் அந்தப் பெண் வந்தபோதும் அப்படித்தான். பல்லில் சீழ் என்று யார் யாரோ கொடுத்த மாத்திரைகளை விழுங்கியிருந்தாள். புடவைத் தலைப்பால் கன்னத்தை மூடியே பேசினாள்.

இதே ஆல்பத்தையும் அவளது பள்ளிக்கூடப் படத்தையும் நீ பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். சின்ன வயதுப் படத்திலேயே இடது கன்னம் லேசாக மேடிட்டிருந்தது. "இது சீழ் இல்லடி. எலும்பே ரொம்ப நாளா வளர்ந்துகினு இருக்குது" என்றாய் என்னிடம்.

பிறகு ஸ்கேனும் எலும்புத் துணுக்குப் பரிசோதனையும் அதையே சொல்லின. எலும்பின் இடத்தில் நார் கலந்து வளரும் அரிய கட்டி, புற்று இல்லை. நான் புத்தகத்தில் படித்ததை நீ ஒரு போட்டோவில் பார்த்துவிட்டாய். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"வளர்றது நிக்கட்டும்மா, அப்பால செதுக்கலாம். ஜல்தி பண்ணா திரும்ப வந்துடும்" என்று அவளை அனுப்பினாய். வளர்ச்சி நின்றது. அதற்குள் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

ஆபரேஷனை நான்தான் செய்தேன். மேலுதட்டைத் தூக்கி, வாய்க்குள்ளிருந்தே எலும்பைச் செதுக்கி, வலது கன்னத்துக்குச் சமமாக்கினேன். வெளியே தழும்பே இல்லை. கண்ணுக்குக் கீழே வரும் நரம்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ செய்திருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது.

வீக்கமெல்லாம் வடிந்து, இன்று அவள் செக்கப்புக்கு வந்தாள், தாமதமாக. ஏன் என்று கேட்டேன்.

"சேவூர்ல அந்த டாக்டரம்மா வூட்டுக்குப் போய்ட்டு வரேங்க. அவங்க போட்டோ முன்னாடி நின்னு மூஞ்சியக் காட்டினேன். அவங்கதானே மொதல்ல கண்டுபுடிச்சாங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆல்பத்தின் காலிப் பக்கத்தில் ஒட்ட என்னோடு ஒரு படம் வேண்டும் என்றாள். "அவங்களோட எடுக்க முடியல. நீங்களாவது நில்லுங்க." நீங்களாவது! இருந்தாலும் நின்றேன், அவளுடைய வலது பக்கம். இடது கன்னம் படத்தில் முழுசாகத் தெரியட்டும், அது என் வேலை.

அவள் போனதும் தாடை வீங்கிய ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஸ்கேன் சீட்டை எடுப்பதற்கு முன்பே என் வாய் கேட்டுவிட்டது: "பழைய போட்டோ இருந்தா எடுத்துகினு வாங்க."

உன்னுடைய கேள்விதான். திருப்பித் தர மாட்டேன்.